ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் மூணாவது ஊசியும்

டில்லித் தமிழருக்கு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு கோயில். ஒண்ணு ஆர்.கே.புரம் மலை மந்திர். இன்னொண்ணு ஐ.என்.ஏ. மார்க்கெட். பக்தி உள்ளவங்க முதல்ல அங்கே போயிட்டு அப்புறமா இங்கே வருவாங்க. என்னை மாதிரி ஆளுங்க நேரா இங்கேதான் :-)

முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சேப்பங்கிழங்கு, நல்லெண்ணெய், பொன்னி அரிசி, உள்ளே போனா வஞ்சிரம், நெத்திலி. கடைப் பையனுக்கு ஊர் பீகாரோ உ.பி.யோ, ஆனா மூஞ்சியைப் பார்த்ததுமே "அக்கா, முருங்கக்கா நல்லாருக்கு"ன்னு தமிழ்ல கூப்பிடுவான். ஊரை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் அந்த ஒரு 'அக்கா'வுக்காகவே கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்துட்டு வர்றேன்.

போன ஞாயிறு சின்ன வெங்காயம் பொறுக்கிக்கிட்டு நின்னப்ப பக்கத்துல ஒரு தமிழ்க் குடும்பம். ராஜபாளையத்துத் தம்பி, குர்கான்ல சாஃப்ட்வேர் வேலை. மனைவி, அவ இடுப்புல ஒரு வயசுப் பையன், கூடவே ஊர்ல இருந்து வந்திருக்கிற அவளோட அம்மா. எனக்குக் கோவில்பட்டின்னு சொன்னதும் ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. நடுவுல குழந்தை இருமினான். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், "ஊசியெல்லாம் சரியாப் போட்டாச்சா?"

"எல்லாம் போட்டாச்சுக்கா. அந்த நிமோனியா ஊசி மட்டும் ஒண்ணு பாக்கி. பிரசவம் ஊர்லதானே? ஒன்றரை மாசத்துலயும் மூன்றரை மாசத்துலயும் அங்கேயே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. மூணாவதை ஒன்பதாம் மாசம் டில்லியில போட்டுக்கங்கன்னாங்க. ஃப்ரீ ஊசிதானே... இங்கே நல்ல பிரைவேட்ல, இம்போர்ட்டடாப் பார்த்துப் போடலாம்னு விட்டோம். அப்படியே மூணு மாசம் ஓடிருச்சு."

உடனே அந்த அம்மா, "ரெண்டு போட்டாச்சே, போதாதா? பிள்ளை கொழுகொழுன்னுதானே இருக்கான். எங்க காலத்துல எந்த ஊசியைப் போட்டோம்?"

தம்பி திரும்பவும், "அத்தை சொல்றதும் சரிதான்க்கா. எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். நெட்ல நிறைய போட்டிருக்கான்."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மீன் கூடையோட ஒருத்தன் "சைட், சைட்"ன்னு நடுவுல புகுந்தான். தண்ணி தெறிச்சது, குழந்தை அழுதது, அவங்க மெட்ரோ பக்கம் போயிட்டாங்க. போன் நம்பர் கூட வாங்கலை. வீட்டுக்கு வந்து வெங்காயத்தை உரிச்சா கண்ணுல தண்ணி வருது, வெங்காயத்தால மட்டும் இல்லை. அங்கே சொல்ல முடியாததை எல்லாம் இங்கே சொல்லித் தீர்க்கிறேன்.

முதல்லயே ஒண்ணு. நான் டாக்டர் இல்லை. ஆடிட் ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறவ. அதனால கணக்கா மட்டும்தான் பேசப் போறேன்.

யார் இந்தக் கிருமி?

நிமோகாக்கஸ்னு பேரு. 1881-லேயே கண்டுபிடிச்ச கிருமி. சின்னப் பிள்ளைங்க மூக்கும் தொண்டையும்தான் அதுக்கு வீடு. பெரும்பாலும் சும்மா குடியிருக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது. சில சமயம் நுரையீரலுக்கு இறங்கினா நிமோனியா. ரத்தத்துல கலந்தா ரத்தம் கெட்டுப் போகும். மூளை உறைக்குப் போனா மூளைக்காய்ச்சல். பிழைச்சாலும் காது கேட்காமப் போன பிள்ளைங்க உண்டு.

இந்தக் கிருமி மேல சர்க்கரையால ஆன ஒரு சட்டை போட்டிருக்கும். நூறுக்கும் மேற்பட்ட விதமான சட்டை, அதனால நூறுக்கும் மேற்பட்ட வகை. பெரியவங்க உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டுக்கும். ரெண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை உடம்புக்கு அது சரியாத் தெரியாது. அதனாலதான் பெரியவங்களுக்கு 1983-ல வந்த 23 வகை ஊசி கைக்குழந்தைகளுக்கு உதவலை. அப்புறம் விஞ்ஞானிகள் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோட சேர்த்துக் கட்டினாங்க. புரதத்தைப் பார்த்தா குழந்தை உடம்பும் முழிச்சுக்கும், கூடவே சட்டையையும் மனப்பாடம் பண்ணிக்கும். இதுதான் அந்த ஊசி. சுருக்கமா பி.சி.வி.

அமெரிக்காவுல 2000-ல ஏழு வகை ஊசி வந்தது. 2001-லேயே கணக்குப் பார்த்தாங்க. ரெண்டு வயசுக்குக் கீழே, லட்சம் குழந்தைகள்ல 188 பேருக்கு ரத்தத்துலயோ மூளை உறையிலயோ இந்தக் கிருமி பரவிக்கிட்டு இருந்தது. அது 59-ஆ இறங்கிப்போச்சு. நூத்துக்கு 69 குறைவு! ஒரே ஒரு வருஷத்துல!

அமெரிக்கா பணக்கார நாடு, நமக்குப் பொருந்துமான்னு கேட்பீங்க. சரி, காம்பியாவுக்கு வாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு ஏழை நாடு. அங்கே பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெச்சு ஒன்பது வகை ஊசியைச் சோதிச்சாங்க. 2005-ல முடிவு வந்தது. எக்ஸ்ரேயில தெரியற நிமோனியா 37 சதவீதம் குறைஞ்சது. எந்தக் காரணத்தால ஆனாலும் சரி, மொத்தக் குழந்தைச் சாவே 16 சதவீதம் குறைஞ்சது. ஒரு ஊசி மொத்தச் சாவையே குறைச்சுக் காட்டறது லேசுப்பட்ட விஷயமா?

இப்ப அந்தத் தம்பியோட மூணு வாதத்துக்கும் வரேன்.

வாதம் ஒண்ணு: "ஃப்ரீ ஊசிதானே, இம்போர்ட்டடாப் போடலாம்"

இது ஐ.என்.ஏ. மார்க்கெட் புத்தி. கோவிச்சுக்காதீங்க, எனக்கும் இருந்த புத்திதான். மார்க்கெட்ல ரெண்டு கூடையில ஒரே மாதிரி பழம் இருக்கும். ஒண்ணுல வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டி ரெண்டு மடங்கு விலை சொல்வான். நாமும் ஸ்டிக்கரைப் பார்த்து எடுத்து, வீட்டுல "இது இம்போர்ட்டட்"னு பெருமையா நறுக்கி வைப்போம். ருசி என்னவோ அதே ருசி. பழத்துல ஏமாந்தா அம்பது ரூபாய் போகும், அவ்வளவுதான். ஊசியில இந்தக் கண்ணைப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க.

என் பையன் பொறந்தது 2008-ல, டில்லியில. அப்ப இந்த ஊசி தனியார் கிளினிக்ல மட்டும்தான். ஒண்ணு மூவாயிரத்துச் சொச்சம், நாலு தடவை. பதினஞ்சாயிரம் ரூபாய் பக்கம் செலவு பண்ணி சுத்தமான இம்போர்ட்டட் சரக்கைப் போட்டேன். அது அமெரிக்காவுக்காக அமெரிக்காவுல உள்ள வகைகளைப் பார்த்துச் செஞ்ச ஏழு வகை ஊசி. நம்ம வேலூர் சி.எம்.சி. முன்னால நின்னு 1993-ல இருந்து 1997 வரைக்கும் நாட்டுல ஆறு ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு நடத்தினாங்க. இந்தியாவுல எந்தெந்த வகை ஆளைச் சாய்க்குதுன்னு பார்த்தாங்க. முன்னணியில இருந்த வகைகள்ல 1-ம் 5-ம் உண்டு. நான் பதினஞ்சாயிரம் கொடுத்துப் போட்ட ஊசியில 1-ம் கிடையாது, 5-ம் கிடையாது!

இப்ப நம்ம ஃப்ரீ ஊசி. புனேயில சீரம் நிறுவனம் செஞ்ச பத்து வகை ஊசி, நியூமோசில்னு பேரு. ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் அதிகமா ஆட்டம் போடற வகைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. 1 இருக்கு, 5 இருக்கு, அப்புறமாத் தலைதூக்கின 19ஏ-யும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பர்ல தரம் பார்த்து ஒப்புதல் கொடுத்தது. 2020 டிசம்பர்ல இந்தியாவுல வெளியானது.

அது மட்டும் இல்லை. 2017 மே மாசம் அரசுத் திட்டத்துல இந்த ஊசியை முதல் முதலா ஆரம்பிச்சப்ப, இமாச்சலத்துலயும் பீகார், உ.பி.யில சில மாவட்டங்கள்லயும் இலவசமாப் போட்டது எது தெரியுமா? தனியார் கிளினிக்ல நாலாயிரம் பக்கம் வாங்கிக்கிட்டுப் போட்ட அதே 13 வகை ஊசிதான். அதே மருந்து. பில் மட்டும் இல்லை. பில் இல்லைன்னதும் நமக்கு மட்டமாத் தெரியுது.

நேர்மையாச் சொல்லணும்னா 13 வகை ஊசியில இருக்கிற மூணு வகை (3, 4, 18சி) பத்து வகையில இல்லைதான். வசதி இருந்து, உங்க குழந்தை டாக்டர் சொல்லி, தனியார்ல நேரத்துக்குப் போட்டா நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா 'நல்லது' தேடறேன்னு சொல்லி ஒண்ணுமே போடாம மூணு மாசம் கடத்தறதுக்கு என்ன பேரு? மார்க்கெட்ல நல்ல மீன் வரட்டும்னு காத்திருக்கலாம், பட்டினி கிடந்தா கிடந்துக்கலாம். கிருமி காத்திருக்காது தம்பி.

வாதம் ரெண்டு: "எங்க காலத்துல எந்த ஊசியைப் போட்டோம்?"

இதைச் சொல்றவங்க எல்லாரும் பிழைச்சு வந்தவங்க. பிழைக்காதவங்க வந்து சொல்ல முடியாதில்லையா?

எங்க ஆச்சி பெத்தது ஒன்பது. தங்கினது ஆறு. போன மூணு பேருக்கும் என்ன ஆச்சுன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "ஒண்ணு மாந்தம், ஒண்ணு மார்ச்சளி கட்டி மூச்சு இழுத்துது, ஒண்ணு என்னன்னே தெரியலை"ன்னு சொல்லிட்டு முறத்துல அரிசியைப் புடைக்க ஆரம்பிச்சிருவா. அழுதுகூடப் பார்த்ததில்லை. அந்தக் காலத்துல எல்லார் வீட்டுலயும் அப்படித்தான், அழ நேரம் ஏது? 'மார்ச்சளி கட்டி மூச்சு இழுத்தது' எந்தக் கிருமின்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலம் ஆரோக்கியமான காலம்னு மட்டும் என்கிட்டச் சொல்லாதீங்க. மூணு பேர் குறையுது.

அவ்வளவு பின்னால கூடப் போக வேண்டாம். 2015-ல, அரசு ஊசி வர்றதுக்கு முன்னால, இந்தியாவுல அஞ்சு வயசுக்குள்ள நிமோகாக்கஸால செத்த குழந்தைகள் ஏறத்தாழ 68,700 பேர்னு ஒரு மதிப்பீடு 2018-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்தது. உலகத்துலேயே அதிகம் நம்ம நாட்டுலதான். 365-ஆல வகுத்துப் பார்த்தேன், தொழில் புத்தி. ஒரு நாளைக்கு 188. உலகம் பூரா இந்தச் சாவு 2000-க்கும் 2015-க்கும் நடுவுல ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சதுன்னும் அதே கணக்கு சொல்லுது. எல்லாப் பெருமையும் ஊசிக்கே இல்லை, சாப்பாடு, சிகிச்சை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறினதும் சேர்த்திதான். ஆனா ஊசியின் பங்கு சின்னது இல்லை.

கொழுகொழு பிள்ளைக்கு வராதா? நல்ல ஊட்டம் இருந்தா ஆபத்து குறைவு, உண்மை. ஆனா அமெரிக்காவுல லட்சத்துக்கு 188-னு சொன்னேனே, அந்தப் பிள்ளைங்க யாரும் கஞ்சிக்கு வழியில்லாதவங்க இல்லை.

"ரெண்டு போட்டாச்சே, போதாதா?" போதாதும்மா. முதல் ரெண்டும் கைக்குழந்தைப் பருவத்துல காப்பு கொடுக்கிறது. ஒன்பதாம் மாசம் போடற மூணாவது, அந்தக் காப்பு தேய்ஞ்சு போகாம நிறுத்தறதுக்கு. உடம்பு படிச்ச பாடத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. ரெண்டு தடவை படிச்சிட்டு ரிவிஷன் பண்ணாமப் பரீட்சைக்குப் போனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

இங்கேதான் நம்மள மாதிரி ஊரு விட்டு ஊரு வந்தவங்களுக்குன்னே ஒரு ஓட்டை இருக்கு. தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. ஆறாவது வாரமும் பதினாலாவது வாரமும் ஊர்லயே நர்ஸம்மா கூப்பிட்டுப் போட்டுருவாங்க. அஞ்சாம் மாசம் மொட்டை, காது குத்து முடிச்சு ரயிலேறி டில்லிக்கு வந்தாச்சு. ஒன்பதாம் மாசம் இங்கே கூப்பிட யாரும் இல்லை. ஊர்ல நர்ஸம்மா நோட்டுல 'டில்லி போயிட்டாங்க'. இங்கே எந்த நோட்டுலயும் பேரே இல்லை. ரெண்டு ஊருக்கும் நடுவுல மூணாவது ஊசி விழுந்து தொலைஞ்சு போகுது. அந்தத் தம்பி வீட்டுல நடந்ததும் இதுதான். 'இம்போர்ட்டட்' எல்லாம் அப்புறம் வந்த சாக்கு.

வாதம் மூணு: "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்"

இதுல நான் பாதி உங்க கட்சி. வியாபாரம்தான். அதுவும் எப்பேர்ப்பட்ட வியாபாரம்!

அமெரிக்காவுல 2000-ல வந்த மருந்து, நம்ம ஊர் ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கத்து மூலமா வர 2017. நடுவுல பதினேழு வருஷம். ருவாண்டாவும் காம்பியாவும் 2009-லேயே போட ஆரம்பிச்சுட்டாங்க. பாகிஸ்தான் 2012-ல. வங்கதேசமும் நேபாளமும் 2015-ல. உலகத்துக்கே மருந்துக்கடை நாங்கதான்னு மார் தட்டிக்கிற நாம அதுக்கும் அப்புறம். நம்ம தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையிலதான் வந்தது. நாடு முழுக்க அந்த வருஷம் அக்டோபர்ல.

ஏன் லேட்டு? விலை ஒரு பெரிய காரணம். ஏழை நாடுகளுக்கு இந்த ஊசி கிடைக்கணும்னு 2009-ல இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே, கேட்ஸ் அறக்கட்டளை எல்லாம் சேர்ந்து 150 கோடி டாலர் வைக்க வேண்டியிருந்தது. 13 வகை ஊசிக்கு இந்தியாவுல காப்புரிமை கொடுக்காதீங்கன்னு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு எதிர்த்து மனு போட்டது. அதையும் மீறி 2017 ஆகஸ்ட்ல பைசருக்குக் காப்புரிமை கிடைச்சது, 2026 வரைக்கும். வியாபாரம் இல்லைன்னு எந்த முட்டாள் சொல்வான்?

ஆனா தம்பி, வியாபாரத்து மேல கோபம் வந்தா என்ன செய்யணும்? வியாபாரம் நுழையாத இடத்துல ஊசி போட்டுக்கணும். நீங்க என்ன பண்றீங்க? கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்னு திட்டிட்டு, கம்பெனி விலைக்கு விக்கிற இடத்தைத் தேடிப் போறீங்க. சர்க்கார் டிஸ்பென்சரியில சும்மா கொடுக்கிறதைச் 'சே'ன்னு தள்ளிட்டு வர்றீங்க. இந்தக் கணக்கு எந்த ஆடிட்லயும் பாஸ் ஆகாது.

புனே கம்பெனியும் கம்பெனிதான், தர்ம சத்திரம் இல்லை. ஆனா ஏழை நாடுகளுக்கு ஒரு டோஸ் ரெண்டு டாலர்னு விலை வெச்சப்ப பழைய விலைகள் ஆட்டம் கண்டது. அந்த ரெண்டு டாலருக்கும் நாலாயிரம் ரூபாய்க்கும் நடுவுல இருக்கிற தூரத்துலதான் பதினேழு வருஷமாப் பிள்ளைங்க செத்தாங்க. கோபப்படணும்னா அதுக்குப் படுங்க. ஊசி மேல படாதீங்க.

ஊசியால எல்லாம் தீர்ந்துடும்னும் நான் சொல்லலை. எல்லா நிமோனியாவும் இந்தக் கிருமியால வர்றதில்லை. வைரஸால வரும், வேற கிருமியாலயும் வரும். ஒரு வகையை விரட்டினா வேற வகை வந்து உட்காரும். ஏழு வகை ஊசிக்கு அப்புறம் அமெரிக்காவுல 19ஏ அப்படித்தான் தலைதூக்கினது. அதனாலதான் 2010-ல அதையும் சேர்த்து 13 வகை வந்தது. கண்காணிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய விஷயம். ஆனா பூட்டை உடைக்கிற திருடன் இருக்கான்னு யாரும் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறதில்லையே.

என் கணக்குல ஒரு பாக்கி

இதுவரைக்கும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். இப்ப எனக்கு நானே சொல்லிக்கிறது.

2008-ல என் பையன் பொறந்தப்ப எங்க வீட்டு வேலைக்கு ஒரு பீகார் அம்மா வந்துக்கிட்டு இருந்தா. அவளுக்கும் ஏறக்குறைய அதே வயசுல ஒரு பொண் குழந்தை. கூடவே தூக்கிட்டு வருவா. அவ பாத்திரம் தேய்க்கிற நேரத்துல ரெண்டு பிள்ளைங்களும் ஒரே பாயில தவழும். என் பையன் கடிச்ச பொம்மையை அவ பிடுங்கிக் கடிப்பா, அவ கடிச்ச ரஸ்க்கை இவன் பிடுங்குவான்.

நான் கிளினிக்ல நாலாவது ஊசியும் போட்டு முடிச்ச அந்தக் குளிர்காலத்துல அந்தக் குழந்தைக்கு நிமோனியா. பன்னெண்டு நாள் பெரியாஸ்பத்திரியில, ஒரே கட்டில்ல ரெண்டு குழந்தைங்க. பிழைச்சுட்டா. ஆனா அம்மாக்காரிக்கு வேலை செஞ்ச மத்த ரெண்டு வீடும் போச்சு, கடன் ஏறிச்சு. நான் ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். கொடுத்துட்டு என்னைப் பத்தி நானே உசத்தியா நினைச்சுக்கிட்டேன்.

அவளுக்கு வந்தது இதே கிருமிதான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனா ஒரு கணக்கு மட்டும் தெரியும். என் வீட்டுல அவளுக்கு மாசச் சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு. என் பையனுக்கு நான் போட்ட நாலு ஊசி அவளோட பத்து மாசச் சம்பளம். பத்து மாசம் என் வீட்டுத் தரையைத் துடைச்சாத்தான் அந்தப் பாயில இருந்த ரெண்டாவது குழந்தைக்கும் அதே ஊசி! அந்தப் பாயில ஒரு குழந்தைக்குக் கவசம், இன்னொரு குழந்தைக்கு ரஸ்க். இது அப்ப எனக்கு உறைக்கலை. பல வருஷம் கழிச்சு ஒரு வேலையா இந்த விலைகளைப் பார்க்கும்போதுதான் உறைச்சது.

இந்த ஊசியோட பெரிய விசேஷமே அந்தப் பாயிலதான் இருக்கு. போட்டுக்கிட்ட குழந்தை மூக்குல அந்த வகைக் கிருமி தங்கறது குறைஞ்சிடும். அதனால அது அடுத்த குழந்தைக்குப் போறதும் குறையும், மடியில வெச்சுக் கொஞ்சற தாத்தா பாட்டிக்குப் போறதும் குறையும். அமெரிக்காவுல 2001-ல பார்த்த அதே கணக்குல, ஊசியே போட்டுக்காத 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கும் இந்த நோய் 18 சதவீதம் குறைஞ்சிருந்தது. பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியையும் காப்பாத்தினது.

"எங்க காலத்துல எந்த ஊசியைப் போட்டோம்"னு கேட்ட அந்த அம்மாவைத்தான் நினைச்சுக்கிட்டேன். டில்லிக் குளிர்ல பேரனை நெஞ்சோட அணைச்சுத் தூங்க வைக்கிறது அவங்கதான். அவன் இருமினா நேரா அவங்க மூஞ்சியிலதான். அவங்க வேண்டாம்னு சொல்ற மூணாவது ஊசி அவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதனாலதான் சொல்றேன், இது கடைச் சரக்கு இல்லை. என் காசு, என் பிள்ளை, எனக்குப் பிடிச்ச பிராண்டுன்னு பையில போட்டுக்கிட்டு வர இது ஐ.என்.ஏ. மார்க்கெட் பழம் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் போட்டாத்தான் இதோட முழுப் பலன். ஃப்ரீயாக் கொடுக்கிறதுனாலதான் எல்லாப் பிள்ளைக்கும் போகுது. ஃப்ரீங்கிறது இதோட குறை இல்லைங்க, இதோட பலமே அதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

ஒண்ணு. வீட்டுல ஒரு வயசை ஒட்டின குழந்தை இருந்தா, தாய்-சேய் அட்டையை இப்பவே பீரோவுல இருந்து எடுங்க. பி.சி.வி. கட்டத்துல மூணு தேதி இருக்கான்னு பாருங்க. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாசம். மூணாவது காலியா இருந்தா நாள் தள்ளாதீங்க. ஒன்பதாம் மாசம் தாண்டிருச்சேன்னு வெட்கப்பட்டு உட்காராதீங்க. பக்கத்து டிஸ்பென்சரியிலயோ குழந்தை டாக்டர்கிட்டயோ அட்டையைக் காட்டிக் கேளுங்க, என்ன செய்யணும்னு அவங்க சொல்வாங்க.

ரெண்டு. ஊர்ல இருந்து கிளம்பும்போது அட்டையை போட்டோ எடுத்துக்கங்க. அட்டை ஊர்ல மாமியார் வீட்டு அலமாரியிலயும் குழந்தை டில்லியிலயும் இருந்த கதை எனக்கே நாலு தெரியும். தமிழ்நாட்டு அட்டை தமிழ்ல இருக்கேன்னு தயங்காதீங்க. ஊசி பேரும் தேதியும் இருந்தா இங்கே நர்ஸுக்குப் புரிஞ்சிடும்.

மூணு. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க, கட்டடத்துக் காவல்காரர், இஸ்திரிக்காரர், யார் வீட்டுல கைக்குழந்தை இருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்க. ஊசி ஃப்ரீதான், ஆனா காலையில டிஸ்பென்சரிக்குப் போனா அரை நாள் கூலி போகுமே, அது ஃப்ரீ இல்லையே. அந்த அரை நாளைச் சம்பளத்துல பிடிக்காதீங்க. நான் 2008-ல ரெண்டாயிரம் கொடுத்ததை விட அது பெரிய காசு.

கடைசியா, ராஜபாளையத்துத் தம்பிக்கு. உங்க பேரு கூடக் கேட்கலை. நல்லெண்ணெய் எந்தக் கடையில நல்லாருக்கும்னு கேட்டீங்களே, அந்த மூலைக் கடையேதான். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை எண்ணெய் வாங்க வர்றதுக்கு முன்னால, நடுவுல ஒரு நாள் காலையில ஆபீஸுக்கு லேட்டாப் போங்க. பையனையும் அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போய் வாங்க. அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவங்களும் கேட்டுக்கட்டும்.

அப்புறம் மார்க்கெட்ல பார்த்தா சொல்லுங்க. சின்ன வெங்காயம் நான் வாங்கித் தரேன்.

டிஸ்கி: மறுபடியும் சொல்றேன், நான் டாக்டர் இல்லை. என் பேச்சைக் கேட்டு எதையும் போடவும் வேண்டாம், விடவும் வேண்டாம். டாக்டரைக் கேளுங்க. கேட்காம மட்டும் இருந்துடாதீங்க.